கை நனைத்த வீடு

ஜனவரி 22, வியாழன்
ஈரோடு

நாளைக் காலையில் கிளம்புகிறோம். சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு. ஊட்டிக்குப் போகலாம் என்றால் அம்மா பழைய வீடுகளைப் பார்க்கப் போகலாம் என்கிறாள். காரைக்குடிப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம், கடைசியாகக் கடற்கரைப் பக்கம். யாரோ கட்டி, யாரோ வாழ்ந்து, இப்போது யாரோ டிக்கெட் கிழிக்கிற வீடுகள்.

அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் அப்பா போன பிறகு பிடித்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து, பழைய வீட்டு ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் உட்கார்ந்துவிடுவாள். காலையில் நான் பல் தேய்க்கும்போது யார் வீட்டுக் கதவையாவது காட்டி, "இந்தத் தாழ்ப்பாளைப் பாரு கண்ணு" என்பாள். பார்ப்பேன். தாழ்ப்பாள் மாதிரிதான் இருக்கும்.

அம்மாவின் தம்பி குழந்தைவேலு மாமா கார் ஓட்டுகிறார். பூங்கொடி அத்தையும் வருகிறாள். அங்கேதான் இடிக்கிறது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கே முழங்கால் வலி என்று மூக்கால் அழுகிற அத்தை, இதற்கு ஒரு வாரமாகத் துணி அடுக்குகிறாளாம். அம்மா என் பையில் அந்தப் பச்சைச் சுடிதாரை அவளாகவே எடுத்து வைத்தாள்.

"நாளன்னிக்கு இதைப் போட்டுக்க. பார்க்க லட்சணமா இருக்கும்."

வீட்டைப் பார்க்கப் போகிறவள் லட்சணமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இதில் ஏதோ குறை இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி
காரைக்குடி

வெயில். கழுத்து வலி. வீடு என்று சொன்னார்கள், ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்தோம். நடுவில் முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம், அதற்கும் பின்னால் ஒன்று. சுவரைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசினார்களாம். சுற்றிக் காட்டிய ஆளை அம்மா கேள்வியால் துளைத்துவிட்டாள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும், விறகு எங்கே அடுக்குவார்கள், பெண்கள் எந்தப் படியில் மாடி ஏறுவார்கள். அந்த ஆள் கடைசியில், "அம்மா, நீங்களே மத்தவங்களுக்குச் சொல்லுங்க, நான் செத்த உக்காந்துக்கிறேன்" என்றுவிட்டார். அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார். அம்மாவும் பாதியில் திரும்பி வந்திருப்பாள்.

சமையல்கட்டில் நிற்கும்போது அத்தை திடீரென்று கேட்டாள்.

"ஏங் கண்ணு, இந்த மாதிரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனா எப்படி இருக்கும்?"

"கூட்டிப் பெருக்கியே இடுப்பு ஒடிஞ்சிரும்."

"அது சரி. ஆளு நல்ல ஆளா இருந்தா?"

மாமா தொண்டையைச் செருமினார். அத்தை உடனே மேல்கூரையைப் பார்த்து, "அடேங்கப்பா, எம்மாம் பெரிய உத்தரம்" என்றாள். அத்தைக்கு உத்தரம் என்றால் என்ன என்று தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்போது விளங்கிவிட்டது. இது வீடு பார்க்க வந்ததில்லை. 'வீடு பார்க்க' வந்திருக்கிறோம். நாளைக்கு எவன் வீட்டுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நேராகச் சொன்னால் கத்துவேன் என்று, நாலு பழைய வீட்டுக்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டைச் செருகியிருக்கிறார்கள்.

இதுவரை வந்த வரன் எல்லாவற்றையும் நான் வேண்டாம் என்றதற்கு ஒரே காரணம் அம்மா. நானும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் யாருடன் பேசுவாள்? இதைச் சொன்னால் அம்மா, "என்னைச் சாக்கு வெக்காதே" என்பாள். சாக்கில்லை. நிஜம்.

ஜனவரி 24, சனி
தஞ்சாவூர்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதினால் எனக்காவது புரிகிறதா பார்க்கிறேன்.

பச்சைச் சுடிதாரைப் போடவில்லை. வேண்டுமென்றே கசங்கின நீலத்தைப் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் கத்திரிப்பூ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. தலையில் பூ. அப்பா போன பிறகு அம்மா பூ வைத்துப் பார்த்ததில்லை. "அத்தைதான் வெச்சு விட்டா" என்றாள், நான் கேட்காமலே.

திருவையாற்றைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். வாய்க்கால் ஓரமாக அந்த வீடு. நெல் வியாபாரி ஒருத்தர் கட்டியது. இப்போது அவருடைய பேரன் பார்த்துக்கொள்கிறார். பெயர் தியாகசுந்தரம். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப் போகிறவர். மனைவி இறந்து பல வருஷம், பிள்ளைகள் இல்லை. கூட அவருடைய அக்கா சௌந்தரம் இருக்கிறார். தியாகசுந்தரம் சார் அம்மாவின் வாட்ஸப் குழுவில் இருக்கிறவராம். அம்மா இதுவரை எனக்குக் காட்டிய தாழ்ப்பாள்களில் பாதி இந்த வீட்டுத் தாழ்ப்பாள்தான் என்று உள்ளே நுழைந்ததும் தெரிந்தது.

நான் மாப்பிள்ளையைத் தேடினேன். காணவில்லை. கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ. மீசையும் கூலிங் கிளாஸுமாக ஒருத்தன்.

"எம் மவன்தாம்மா. முகிலன். ஓசூர்ல வேலை" என்றார் சௌந்தரம். "அவனும் ரொம்ப ஆவலா இருக்கான். நீங்க போனதும் என்ன ஆச்சுன்னு போன் பண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கான்."

ஆவலாக இருக்கிறானாம். நேரில் வரத் துப்பில்லை.

காப்பி வந்தது. அம்மாவுடையதில் மட்டும் சர்க்கரை இல்லை. யாரும் சொல்லாமலே. சௌந்தரம் அம்மாவின் கையைப் பிடித்து, "மாடி ரூம் வேண்டாம், கீழேயே ஒண்ணு காத்தோட்டமா இருக்கு, வாங்க காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். மாமியாராகப் போகிறவளுக்குப் பெண்ணின் அம்மா வந்து தங்குகிற அறை பற்றி இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். கொஞ்சம் பிடித்தும் இருந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குப் புடிச்சிருக்காம்மா? உனக்குப் புடிச்சாத்தான் எல்லாம்" என்றார். "வீடு நல்லா இருக்குங்க" என்றேன். வீட்டை மட்டும்தான் சொன்னேன்.

மதியம் இலை போட்டார்கள். மாமா வாசலில் நின்றுகொண்டு, "இருக்கட்டுங்க, வர்ற வழியிலதான் சாப்பிட்டோம்" என்றார். பச்சைப் பொய். காலையில் ஆளுக்கு ரெண்டு இட்லி. அத்தை, "தண்ணி போதுமுங்க" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வாழைப்பூ வடை மணம் வேறு. இவர்களுடைய மரியாதைக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? போய் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன். மோர்க்குழம்பை ரெண்டாவது தடவை வாங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சௌந்தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தியாகசுந்தரம் சார் கையில் கரண்டியை வைத்துக்கொண்டு எதைப் பரிமாறுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு அம்மா மெதுவாக வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். மாமாவும் அத்தையும் உட்கார்ந்தார்கள்.

கொல்லைப்புறத்தில் கை கழுவும்போது அத்தை என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நீயே மொதல்ல போயி கை நனைச்சுட்டே கண்ணு. எப்படிச் சொல்றதுன்னு நாங்க தவிச்சுட்டுக் கிடந்தோம். நீயாவே புரிஞ்சுக்கிட்டியா?"

"எனக்கென்ன, புரியாதா?" என்றேன். சொன்ன பிறகுதான் 'கை நனைச்சுட்டே' என்றது காதில் ஏறியது.

சம்பந்தம் பேசப் போன வீட்டில், பிடித்தால்தான் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எத்தனை கல்யாணப் பேச்சில் கேட்டிருக்கிறேன். நான் மோர்க்குழம்பை ரெண்டு தடவை வாங்கி ஓசூர்க்காரனுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

பதறிவிட்டேன். அம்மாவிடம் பேசிப் பிரயோஜனமில்லை, அழுவாள். தியாகசுந்தரம் சார்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். பின்கட்டில் மாமாவுக்குப் பத்தாயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், நெல் கொட்டி வைக்கிற ஆள் உயர மரப்பெட்டி. மாமா நகர்ந்ததும் போய் நின்றேன்.

"சார், நேராச் சொல்லிடறேனுங்க. எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்லை. தெரியாம கை நனைச்சுட்டேன், அதை மனசுல வெச்சுக்காதீங்க."

பத்தாயத்தின் சின்னக் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.

"என்னால அம்மாவைப் பிரிஞ்சு இருக்க முடியாதுங்க. அம்மா ரொம்ப ஆசைப்பட்டுட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னா உடைஞ்சு போயிருவாங்க. அதனால நீங்களே ஒத்து வராதுன்னு சொல்லிருங்க."

"உறுதியாத்தான் சொல்றியாம்மா?"

"ஆமாங்க."

"கொஞ்ச நாள் யோசிச்சுப் பாக்கறியா?"

"இல்லீங்க."

"சரிம்மா" என்றார். "நானே சொல்லிடறேன். உன் பேரை எடுக்க மாட்டேன். நீ கவலப்படாத."

பிறகு கதவைச் சாத்திவிட்டு, இதில் நெல்லை மேலே கொட்டி அடியில் எடுப்பார்கள் என்று விளக்கினார். அதையே மறுபடியும் விளக்கினார். பாவம், வயசாகிறது.

எவ்வளவு நாகரிகமான மனிதர். ஓசூர்க்காரன் இவர் மாதிரி இருந்தால்கூட யோசித்திருப்பேன். கிளம்பும்போது அம்மாவும் அவரும் வாய்க்கால் ஓரம் நின்று பேசினார்கள். அவர் பேச, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கச்சிதமாக முடிந்தது. எனக்குப் பாரம் இறங்கிவிட்டது.

காரில் ஏறியதும் அம்மா பூவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இது மட்டும் ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு
தரங்கம்பாடிப் பக்கம்

அம்மாவுக்குத் தலைவலியாம். கடலைப் பார்த்த பழைய வீடு, அந்தக் காலத்துத் துறைமுக அதிகாரி ஒருவர் இருந்ததாம். பெரிய பெரிய ஜன்னல்கள். அம்மா உள்ளே வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றிக் காட்டிய பெண் சொன்ன ஒரு வருஷக் கணக்கு தப்பு என்று எனக்கே தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

ஒரு வரன் தட்டிப்போனதற்கு இவ்வளவா?

அதே நாள், மாலை

அத்தையும் நானும் டீக்கடையில் நின்றோம். அத்தை கோபத்தில் இருந்தாள். கிளாஸை டக்கென்று வைத்தாள்.

"அந்த மனுசனை என்னன்னு சொல்றது? ரெண்டு வருசமாப் பேசிப் பழகிட்டு, நாம போயி கை நனைச்ச பொறகு ஒத்து வராதுன்னு சொல்றாரே. உங்கம்மா மூஞ்சியைப் பார்க்கவே முடியலை."

"ரெண்டு வருசமா யாரு பழகினா? நான் அந்த ஓசூர்க்காரனைப் பார்த்ததே இல்லையே."

"எந்த ஓசூர்க்காரன்?"

"முகிலன். மாப்பிள்ளை."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். டீ மாஸ்டர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிக் கொழந்தை இருக்குது கண்ணு" என்றாள் அத்தை. "நாம போனது உங்கம்மாவுக்கு. தியாகசுந்தரத்துக்கும் உங்கம்மாவுக்கும். நீதான் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னியே."

டீயை மண்ணில் ஊற்றினேனா, குடித்தேனா, ஞாபகமில்லை.

சர்க்கரை இல்லாத காப்பி. கீழே காற்றோட்டமான அறை. சேலை. பூ. தாழ்ப்பாள்கள். கண்ணெதிரே இவ்வளவு இருந்தும் எல்லாவற்றையும் எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. குறை கண்டுபிடிக்கிறவளாம்.

அத்தையிடம் பத்தாயத்துப் பேச்சைச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.

எனக்கு என் மேலேயே சந்தேகமாக இருக்கிறது. தெரியாமல்தான் சொன்னேன், சரி. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அதையேதான் சொல்லியிருப்பேனோ? அப்பாவின் சட்டைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அம்மா வேறொருத்தர் வீட்டு வாசலில் கோலமாவு டப்பாவோடு நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா தனியாக இருப்பாள் என்று நான் இத்தனை நாள் கல்யாணம் வேண்டாம் என்றேன். இப்போது அவள் தனியாக இருக்க மாட்டாள் என்றதும் எனக்கு ஏன் இப்படிக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது? நிஜமாகவே அவளுக்குத் துணையாகத்தான் இருந்தேனா, இல்லை அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தேனா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்று மட்டும் புரிகிறது. நான் சும்மா இருந்தால் போதும். என் பேரை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான் என்று தெரிகிறது. அம்மா, தன்னை ஒருத்தர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். நாங்கள் முன்பு போலவே இருப்போம்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

சொல்லவில்லை.

ஜனவரி 26, திங்கள்
திருச்சிக்கு வெளியே

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் இன்னொரு வீடு பாக்கி இருந்தது. ஒரு நாட்டியக்காரப் பெண்மணி வாழ்ந்த வீடு. அம்மா ஒரு மாதமாக இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. குடியரசு தினத்துக்கு லீவு என்று அட்டை தொங்கியது. மாமா பக்கத்தில் விசாரித்து, சாவி வைத்திருப்பவர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், கூட்டி வரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் விடு தம்பி" என்றாள் அம்மா. "எல்லா வீடும் ஒண்ணுதான்."

அம்மா இப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாமாவும் அத்தையும் இளநீர் வாங்கப் போனார்கள். காரில் நாங்கள் மட்டும். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். முன்னும் பின்னும் யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால், யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஓசூர், மோர்க்குழம்பு, பத்தாயம் எல்லாம். நடு நடுவே தப்பும் தவறுமாக. அவர் அவராக வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் சொல்ல வைத்தேன் என்று முடித்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப அவரு என்னை வேண்டாங்கலையா?"

அதுதான் முதலில் கேட்டாள். அது மட்டும்தான் கேட்டாள்.

"இல்லம்மா."

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் நனைந்தது. துடைப்பதை விட்டுவிட்டாள். எக்ஸ்ரே அறையில் எத்தனையோ பேரிடம், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். இப்போது அவளே ரெண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி இருந்தது.

"உனக்கு வேணுமாம்மா?" என்றேன்.

"உனக்குப் புடிக்கலைன்னா..."

"என்னைச் சாக்கு வெக்காதே. உனக்கு வேணுமா?"

கொஞ்ச நேரம் பூட்டின கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூணு வயசில் அம்மா வெட்கப்படுவாள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வேணும் கண்ணு" என்றாள்.

எனக்குச் சந்தோஷமா என்றால், தெரியவில்லை. அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டேன். மறுபடியும் அதே புதுச் சேலைதான் கட்டியிருந்தாள், கஞ்சி வாசம் இன்னும் போகவில்லை.

இறங்கிப் போய் இளநீர்க் கடையில் மாமாவிடம் தியாகசுந்தரம் சாருடைய நம்பரைக் கேட்டேன். மாமா எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். அத்தை அவர் காலை மிதித்தாள். நம்பர் கிடைத்தது.

ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு அடித்தேன். ரொம்ப நேரம் மணி போனது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார்.

"யாரு?"

என் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. மிருதுளா என்றால், கை நனைத்துவிட்டு வேண்டாம் என்று வந்து நின்ற அந்தப் பெண்தான் அவருக்கு ஞாபகம் வருவாள். அப்பா இல்லை, தாத்தா இல்லை. மாமா இருக்கிறார், ஆனால் பேச்சைக் கெடுத்தது அவர் இல்லை. முறைப்படி அம்மாவுக்காகப் பேச வேண்டிய ஆள் யார் என்று யோசித்தேன். நான்தான்.

"பொண்ணு வீட்ல இருந்து பேசறோமுங்க" என்றேன். "மாப்பிள்ளை வீட்ல யாருங்க பேசறது?"

கட் ஆகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை.

"மாப்பிள்ளதாம்மா பேசறேன்" என்றார்.